பெட்டியில் அச்சாகாத எண்

“32 ஓம் ஹெட்போன் ஒன்று வாங்கியிருக்கிறேன். தனியாக ஓர் ஆம்ப்ளிஃபயர் இருந்தால்தான் அதன் முழு ஒலியும் கிடைக்கும் என்கிறார்கள். பத்தாயிரம் ரூபாய்க்குள் எத்தனை வாட் வாங்கலாம்?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். பலரும் கேட்கிற கேள்விதான். 2016-ல் வந்த ஐபோன் 7-லிருந்து ஆப்பிள் 3.5 மி.மீ. ஹெட்போன் ஜாக்கை எடுத்தது; மற்ற நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. ஜாக் போன இடத்தில் விரல் நீள டாங்கிள் முதல் மேசையை அடைக்கும் ஆம்ப் வரை ஒரு சந்தையே முளைத்துவிட்டது. அந்தச் சந்தை வாட்டில்தான் பேசும். அதனால் கேள்வியும் வாட்டிலேயே வருகிறது.

வாட் கணக்கை முதலில் முடித்துவிடலாம். ஹெட்போன் பெட்டியில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று இம்பீடன்ஸ், அதாவது மின்னோட்டத்துக்கு அது தரும் தடை, ஓமில். மற்றது சென்சிடிவிட்டி, அதாவது ஒரு மில்லிவாட் கொடுத்தால் எத்தனை டெசிபெல் ஒலிக்கும் என்பது. 32 ஓம், 100 டெசிபெல் என்று போட்டிருந்தால் அது சாதாரண ஹெட்போன். 80 டெசிபெல்லில் பாட்டுக் கேட்க அதற்கு வேண்டியது ஒரு மில்லிவாட்டில் நூறில் ஒரு பங்கு. தவில் அதிரும் உச்சக் கணத்துக்கு 110 டெசிபெல் என்று தாராளமாக ஒதுக்கினாலும் 10 மில்லிவாட் போதும். மின்னழுத்தத்தில் சொன்னால் 0.57 வோல்ட், மின்னோட்டத்தில் 18 மில்லிஆம்பியர். அமெரிக்காவில் 9 டாலருக்கு விற்கும் ஆப்பிள் டைப்-சி டாங்கிள் சுமார் 1 வோல்ட் தருகிறது. 32 ஓமில் அது 31 மில்லிவாட், தேவையைப் போல் மூன்று மடங்கு. ‘1000 மில்லிவாட்’ என்று விளம்பரப்படுத்தப்படும் ஆம்ப்பை முழுதாகத் திருகினால் இதே ஹெட்போன் 130 டெசிபெல்லை எட்டப் பார்க்கும். அந்த ஒலியைத் தாங்கக்கூடிய காது யாருக்கும் கிடையாது.

விதிவிலக்குகள் உண்டு. ஹைஃபைமேன் நிறுவனத்தின் ஹெச்இ400எஸ்இ 25 ஓம்தான். ஆனால் சென்சிடிவிட்டி 91 டெசிபெல். அதை ஒரு மில்லிவாட்டுக்கான அளவாக எடுத்துக்கொண்டால் 110 டெசிபெல்லுக்கு 79 மில்லிவாட் வேண்டும், 1.4 வோல்ட், 56 மில்லிஆம்பியர். டாங்கிள் 107 டெசிபெல்லோடு நின்றுவிடும். அதே நிறுவனத்தின் பழைய ஹெச்இ-6 இன்னும் கடினமானது: 50 ஓம், 83.5 டெசிபெல். அதற்கு அரை வாட்டுக்குச் சற்றுக் குறைவாகத் தேவை, ஆம்ப் இல்லாமல் ஆகாது. ‘ஓம் குறைந்தால் எதிலும் நன்றாகப் பாடும்’ என்ற பேச்சு இங்கேதான் பொய்க்கிறது. ஓம் குறைந்த ஹெட்போன் கேட்பது மின்னோட்டம். எவ்வளவு கேட்கும் என்பதைச் சென்சிடிவிட்டிதான் முடிவு செய்யும். ஆகவே இவற்றைப் போல் தட்டைப் படலம் கொண்ட ‘பிளேனார்’ வகையில், 95 டெசிபெல்லுக்குக் கீழே இருக்கிற ஹெட்போன் வைத்திருப்பவர் வாட்டைப் பற்றிக் கவலைப்படலாம். மற்றவர்கள் பார்க்க வேண்டிய எண் வேறு. அது பெரும்பாலும் பெட்டியில் இருக்காது.

அதன் பெயர் வெளியீட்டு இம்பீடன்ஸ். ஆம்ப்புக்கு உள்ளே, ஹெட்போனுக்குச் செல்லும் வழியில் மறைந்திருக்கும் தடை அது. ஹெட்போனுக்கும் ஓம், ஆம்ப்புக்கும் ஓம் என்பதால் பலரும் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். ‘32 ஓம் ஹெட்போனுக்கு 32 ஓம் ஆம்ப்’ என்று பொருத்தம் பார்ப்பவர்களும் உண்டு. பொருந்தவே கூடாது. ஆம்ப்பின் ஓம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளலாம். தொட்டியின் உயரம்தான் மின்னழுத்தம். கீழே இறங்கும் குழாயின் குறுகல் வெளியீட்டு இம்பீடன்ஸ். குளியலறையில் இருக்கும் பைப் ஹெட்போன்; ஓம் குறைந்த ஹெட்போன் என்றால் நன்றாகத் திறந்துவிட்ட பைப். அரை அங்குலக் குழாய், அதிலும் உப்புப் படிந்து அடைத்த குழாய் என்றால் பைப்பைத் திறக்கத் திறக்க வேகம் குறைந்துகொண்டே போகும். சொட்டுச் சொட்டாக விட்டால் மட்டும் முழு அழுத்தமும் தெரியும். இரண்டு அங்குலக் குழாய் போட்ட வீட்டில் இந்தத் தொல்லையே இல்லை. கடைக்காரர் தொட்டி எத்தனை லிட்டர் என்று சொல்லி விற்கிறார். குழாயைப் பற்றி அவர் வாய் திறப்பதில்லை.

வேகம் குறைந்தால் தொட்டியை உயர்த்திவிட்டுப் போகலாமே, அதாவது வால்யூமைக் கூட்டலாமே? கூட்டலாம், பைப் ஒரே அளவில் திறந்திருந்தால். இங்கேதான் ஹெட்போனின் அழகான குணம் ஒன்று குறுக்கே வருகிறது. இந்தப் பைப் பாட்டுக்கு ஏற்பத் தானாகவே திறந்து மூடும்.

சாதாரண டைனமிக் ஹெட்போனில் காந்தத்தின் இடைவெளிக்குள் ஒரு கம்பிச்சுருள் தொங்குகிறது. மின்னோட்டம் பாய்ந்ததும் அது அசைந்து படலத்தைத் தள்ளுகிறது. ஆனால் காந்தப் புலத்துக்குள் அசைகிற எந்தக் கம்பிச்சுருளும் ஜெனரேட்டர்தான். பாடிக்கொண்டிருக்கும்போதே அது தன் அசைவால் ஒரு மின்னழுத்தத்தை உண்டாக்கி, வருகிற மின்னோட்டத்தை எதிர்த்துத் தள்ளுகிறது. படலத்துக்கு என்று ஓர் இயல்பான ஒத்ததிர்வு உண்டு. பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸை ஒட்டிய பேஸ் பகுதியில். அந்த ஸ்வரம் வரும்போது சுருள் மிகுதியாக அசையும், எதிர்ப்பும் மிகுதியாகும். வெளியிலிருந்து பார்க்கும் ஆம்ப்புக்கு இம்பீடன்ஸ் திடீரென ஏறியதுபோல் தோன்றும். பெட்டியில் 32 ஓம் என்று அச்சிட்ட ஹெட்போன் அந்த இடத்தில் 60 ஓமாக நிற்கலாம். பைப்புக்குள் ஒரு சக்கரம் இருந்து, குறிப்பிட்ட வேகத்தில் அது சுழலும்போது மட்டும் தண்ணீரைத் திருப்பி மேலே தள்ளுவதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கணத்தில் பைப் பாதி மூடியதற்குச் சமம்.

இனி எண்களைப் போட்டுப் பார்க்கலாம். ஆம்ப்பின் வெளியீட்டு இம்பீடன்ஸ் 120 ஓம் என்றால், 32 ஓமாக இருக்கும் இடத்தில் ஹெட்போனுக்குக் கிடைப்பது மின்னழுத்தத்தில் 21 சதவீதம். 60 ஓமாக ஏறிய பேஸ் இடத்தில் 33 சதவீதம். வித்தியாசம் ஏறத்தாழ 4 டெசிபெல். பாட்டைப் பதிவு செய்தவர் வைக்காத பேஸ் அது. ‘இந்த ஆம்ப்பில் ஒலி கதகதப்பாக இருக்கிறது’ என்று சிலாகிக்கப்படுவது பல நேரங்களில் இந்த 4 டெசிபெல்தான். அதே ஹெட்போனை 1 ஓம் உள்ள ஆம்ப்பில் மாட்டினால் வித்தியாசம் 0.12 டெசிபெல்லாகச் சுருங்கிவிடும். எந்தக் காதுக்கும் அது எட்டாது.

அமெரிக்காவின் எடிமோட்டிக் ரிசர்ச் நிறுவனம் 1991-ல் அறிமுகப்படுத்திய ஈஆர்-4 இயர்போன் வரிசையில் இதற்கு நல்ல சான்று இருக்கிறது. அதில் 4பி 27 ஓம். 4எஸ் 100 ஓம். இரண்டும் தனித்தனிப் பொருள் என்று நினைத்துவிடக் கூடாது. 4பி-யின் வழியில் 75 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்த்தால் 4எஸ். இது போன்ற பேலன்ஸ்டு ஆர்மச்சர் வகை இயர்போனில் இம்பீடன்ஸ் உச்ச ஸ்வரங்களை நோக்கி ஏறிக்கொண்டே போகும். ரெசிஸ்டர் சேர்ந்ததும் கீழ்ப்பகுதி அடங்கி உச்சப்பகுதி தூக்கலாகக் கேட்கும். அந்த நிறுவனம் தெரிந்தே, அளந்து செய்த மாற்றம் இது. வெளியீட்டு இம்பீடன்ஸ் மிகுந்த ஆம்ப், யாரும் கேட்காமலே இது போன்ற மாற்றத்தைத் தன்னில் மாட்டும் இயர்போனுக்குச் செய்துவிடுகிறது.

பிளேனார் வகைக்கு மட்டும் விலக்கு. அதன் இம்பீடன்ஸ் எல்லா அதிர்வெண்ணிலும் ஏறக்குறைய ஒரே கோடு; திறப்பு மாறாத பைப். ஒலி குறையும், நிறம் மாறாது.

இந்த 120 ஓம் கற்பனையான எண் அல்ல. 1996-ல் வெளியான ஐஇசி 61938 என்ற சர்வதேசத் தரநிலை ஹெட்போன் வெளியீட்டுக்குப் பரிந்துரைத்தது இதையேதான். அதற்கு அப்போது காரணம் இருந்தது. 120 ஓம் வழியாக அனுப்பினால் 32 ஓம், 300 ஓம், 600 ஓம் ஹெட்போன்கள் மூன்றுக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு திறன் போய்ச் சேரும். பிளக்கைச் செருகும்போது நேரும் ஷார்ட்டையும் அந்த ரெசிஸ்டர் தாங்கிக்கொள்ளும். வரலாற்றை நீட்ட வேண்டியதில்லை: 1910-ல் யூட்டாவில் நத்தானியல் பால்ட்வின் ஹெட்போனைச் சமையலறையில் செய்து அமெரிக்கக் கடற்படைக்கு விற்றார், 1958-ல் காஸ் நிறுவனம் ஸ்டீரியோ ஆக்கியது, 1979-ல் சோனி வாக்மேன் தெருவுக்குக் கொண்டுவந்தது. இதில் வாக்மேன்தான் நமக்கு முக்கியம். இரண்டு பேட்டரிகளின் 3 வோல்ட்டில் ஓம் கூடிய ஹெட்போனை ஓட்ட முடியாது. சுற்றைக் குறைத்து, கம்பியைத் தடிமனாக்கி, ஓமைக் குறைத்தால் குறைந்த வோல்ட்டிலேயே போதுமான மின்னோட்டம் பாயும். கைபேசிக் காலத்து ஹெட்போன்கள் பெரும்பாலும் அந்த வழி வந்தவை.

எவ்வளவு குறைவாக இருந்தால் போதும்? எட்டில் ஒரு பங்கு என்ற விதி பரவலாகக் கையாளப்படுகிறது. ஆம்ப்பின் ஓம், ஹெட்போனின் மிகக் குறைந்த ஓமில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் போகாவிட்டால், இம்பீடன்ஸ் எங்கே எவ்வளவு ஏறினாலும் ஒலி மாற்றம் சுமார் 1 டெசிபெல்லைத் தாண்டாது. 32 ஓமுக்கு 4 ஓம். ஷூர் எஸ்இ846 போன்ற 9 ஓம் இயர்போனுக்கு 1 ஓம் சொச்சம். ஆப்பிள் டாங்கிளில் இருப்பது சுமார் 1 ஓம்.

இந்த விதியைப் பரப்பியவர்களில் முதன்மையானவர் ‘என்டபிள்யூஏவிகை’ என்ற புனைபெயரில் எழுதிய ஒரு பொறியாளர். 2011-ல் ‘ஆப்ஜெக்டிவ்2’ என்ற ஆம்ப்பை வடிவமைத்து, வரைபடத்தை எல்லோருக்கும் திறந்துவிட்டார். உதிரிப் பாகங்களுக்குச் சுமார் 30 டாலர்; வெளியீட்டு இம்பீடன்ஸ் சுமார் அரை ஓம். பல மடங்கு விலையுள்ள கருவிகளோடு அளவீட்டில் அது தோள் உரசியது. 2012-க்குப் பிறகு அவர் எழுதவில்லை, யாரென்றும் தெரியாது. ஆனால் ஷீட் நிறுவனத்தின் மாக்னி, ஜேடிஎஸ் லேப்ஸின் ஆட்டம் போன்றவை 99 டாலருக்கு அறிமுகமானபோது, ஒரு ஓமுக்கும் குறைந்த வெளியீட்டு இம்பீடன்ஸை எதிர்பார்ப்பது வாங்குபவர்களுக்கு வழக்கமாகியிருந்தது.

வீட்டில் இருக்கும் ஆம்ப்பையோ லேப்டாப் ஜாக்கையோ அளந்து பார்ப்பது எளிது. ஒரு மல்ட்டிமீட்டரும், எந்த எலெக்ட்ரானிக்ஸ் கடையிலும் சில்லறைக்குக் கிடைக்கும் 33 ஓம் ரெசிஸ்டரும் போதும். 100 ஹெர்ட்ஸ் சீரான ஒலியை ஓடவிட்டு, ஜாக்கில் ஒன்றும் மாட்டாமல் ஏசி வோல்ட்டை அளக்க வேண்டும். பிறகு ரெசிஸ்டரை இணைத்து மறுபடி அளக்க வேண்டும். முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்து, ஒன்றைக் கழித்து, 33-ஆல் பெருக்கினால் விடை. 0.50 வோல்ட் 0.40 ஆக இறங்கினால் 8.25 ஓம், 32 ஓம் ஹெட்போனுக்கான 4 ஓம் வரம்பைப் போல் அது இருமடங்கு.

விளம்பரங்களில் வரும் மற்ற சொற்களையும் இதே கண்ணோடு பார்க்கலாம். 4.4 மி.மீ. பேலன்ஸ்டு வெளியீடு மின்னழுத்தத்தை இரட்டிப்பாக்கும்போது வெளியீட்டு இம்பீடன்ஸையும் இரட்டிப்பாக்குகிறது. டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத வால்வு ஆம்ப்களில் அது பல பத்து ஓம்களைத் தொடும். 300 ஓம் ஹெட்போனுக்கு அவை இணக்கமானவை, 32 ஓமுக்கு அல்ல.

சாதாரணச் சென்சிடிவிட்டி உள்ள 32 ஓம் ஹெட்போனுக்கு நல்ல டாங்கிளே போதும். பத்தாயிரம் ரூபாய் மிச்சம். ஆப்பிள் டாங்கிள் சில ஆண்ட்ராய்டு கைபேசிகளில் முழு ஒலி தராது என்பதையும், அதன் ஐரோப்பியப் பதிப்பு அரை வோல்ட்டோடு நிற்பதையும் வாங்கும் முன் கவனிக்க வேண்டும். 91 டெசிபெல் பிளேனார் வைத்திருப்பவர் மேசை ஆம்ப் வாங்கட்டும், வெளியீட்டு இம்பீடன்ஸை வெளிப்படையாகச் சொல்லும் நிறுவனத்திடமிருந்து. அந்த எண்ணை மறைக்கிறவரிடம் வாங்க வேண்டாம். ஆம்ப் வந்ததும் கெயின் சுவிட்சை ‘லோ’வில் வைத்து, வால்யூமைச் சுழியத்துக்கு இறக்கிவிட்டு, அதன் பிறகே ஹெட்போனைக் காதில் மாட்டுங்கள். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வகுத்திருக்கும் வரம்பு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபெல். அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் அந்த நேரம் பாதியாகும்.