மருந்தும் வேண்டும், சோறும் வேண்டும்

இருமல் எல்லோருக்கும் வரும். மழையில் நனைந்தால் வரும். அடுப்புப் புகையில் நின்றால் வரும். நாலைந்து நாளில் போய்விடும்.

ஆனால் இரண்டு வாரம் ஆகியும் போகாத இருமல் வேறு. மாலையில் காய்ச்சல் அடிக்கிறது. இரவில் வியர்க்கிறது. பசி எடுப்பதில்லை. உடம்பு இளைத்துக்கொண்டே போகிறது. சிலருக்குச் சளியில் ரத்தம் வருகிறது. இவை காசநோயின் அடையாளங்களாக இருக்கலாம்.

அந்தக் காலத்தில் இதை எலும்புருக்கி நோய் என்றார்கள். சயரோகம் என்றும் சொன்னார்கள். டி.பி. என்பதும் இதுதான். முன் பிறவிப் பாவம் என்று சிலர் நினைத்தார்கள். குடும்பச் சாபம் என்று சிலர் நினைத்தார்கள். பாவமும் இல்லை, சாபமும் இல்லை. இது கிருமியால் வரும் நோய். இதைக் குணப்படுத்த முடியும்.

ஆனாலும் நோய் இன்னும் போகவில்லை. உலகில் காசநோய் வருகிறவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். நல்ல மருந்து இருந்தும் ஏன் இப்படி? இந்தக் கேள்விக்கு விஞ்ஞானிகள் பல ஆண்டுகளாக விடை தேடினார்கள். அவர்கள் கண்டுபிடித்ததைப் பார்ப்போம்.

கிருமி அகப்பட்டது

ஜெர்மனியில் ராபர்ட் கோக் என்ற மருத்துவர் இருந்தார். காசநோயை உண்டாக்கும் கிருமியை அவர் மைக்ரோஸ்கோப்பில் கண்டுபிடித்தார். 1882 மார்ச் 24 அன்று அதை பெர்லின் நகரில் அறிவித்தார். அதனால்தான் மார்ச் 24 உலகக் காசநோய் தினம்.

இந்தக் கிருமி மிக மிகச் சிறியது. ஆயிரம் கிருமிகளை வரிசையாக வைத்தாலும் அரை அரிசி நீளம்தான் வரும். வெறும் கண்ணுக்குத் தெரியாது.

நோயாளி இருமும்போதும் தும்மும்போதும் கிருமி காற்றில் கலக்கிறது. பக்கத்தில் இருப்பவர் மூச்சோடு அதை இழுத்துக்கொள்கிறார். இப்படித்தான் நோய் பரவுகிறது. ஒரே தட்டில் சாப்பிடுவதால் பரவாது. கை குலுக்குவதால் பரவாது. துணியைத் தொடுவதால் பரவாது.

உடம்புக்குள் நடக்கும் போர்

கிருமி நுரையீரலுக்குள் போகிறது. அங்கே உடம்பின் காவலர்கள் இருக்கிறார்கள். அவை ஒரு வகை அணுக்கள். வெளியிலிருந்து வரும் கிருமியைப் பிடித்து விழுங்கிவிடும். விழுங்கியதைச் செரித்தும் விடும்.

ஆனால் காசநோய்க் கிருமி தந்திரமானது. அதற்கு மெழுகு போன்ற கெட்டியான உறை உண்டு. காவலனின் வயிற்றுக்குள் போன பிறகும் அது செரிமானத்தைத் தடுத்துவிடுகிறது. அங்கேயே தங்கிவிடுகிறது. திருடன் காவல் நிலையத்திலேயே குடியிருப்பது போன்றது இது.

உடம்பு சும்மா இருப்பதில்லை. வேறு காவலர்கள் ஓடி வருகிறார்கள். கிருமி இருக்கும் இடத்தைச் சுற்றி வேலி போடுகிறார்கள். வேலிக்குள் கிருமி பல ஆண்டுகள் தூங்கிக் கிடக்கலாம். அந்த ஆளுக்கு நோய் கிடையாது. இருமல் கிடையாது. அவரால் பிறருக்கும் பரவாது.

இப்படிக் கிருமி புகுந்த 100 பேரில் 5 முதல் 10 பேருக்குத்தான் ஆயுளில் என்றாவது ஒரு நாள் நோய் வருகிறது. மற்றவர்களின் வேலி உறுதியாக நிற்கிறது.

வேலி எப்போது உடைகிறது? காவலர்கள் பலவீனமாகும்போது உடைகிறது. எச்.ஐ.வி. கிருமி காவலர்களைக் கொல்கிறது. சர்க்கரை நோய் அவர்களைச் சோர வைக்கிறது. பீடி, சிகரெட், சாராயமும் கெடுதல் செய்கின்றன. ஆனால் நம் நாட்டில் பெரிய காரணம் வேறு. அது அரைவயிற்றுச் சாப்பாடு. காவலர்களுக்குக் கூலி சோறுதான். கூலி இல்லாவிட்டால் காவல் ஏது?

உள்ளே பார்க்கும் கண்

1895இல் ஜெர்மனியில் ராண்ட்ஜன் என்ற விஞ்ஞானி ஒரு புதுக் கதிரைக் கண்டுபிடித்தார். அதுதான் எக்ஸ்ரே. அந்தக் கதிர் சதைக்குள் ஊடுருவிப் போகும். எலும்பு அதைத் தடுக்கும். நல்ல நுரையீரல் காற்று நிறைந்தது. அதனால் படத்தில் கறுப்பாகத் தெரியும். நோய் பிடித்த இடம் வெள்ளையாக, மேகம் போலத் தெரியும்.

2019 முதல் 2021 வரை நம் நாட்டில் ஒரு பெரிய கணக்கெடுப்பு நடந்தது. 3 லட்சத்துக்கும் அதிகமானவர்களைச் சோதித்தார்கள். அதில் இரண்டு செய்திகள் தெரிந்தன.

முதல் செய்தி: இருமல், காய்ச்சல் போன்ற அறிகுறி இருந்தவர்களில் 100க்கு 64 பேர் எந்த மருத்துவரிடமும் போகவில்லை.

இரண்டாவது செய்தி: எக்ஸ்ரே எடுக்காமல் அறிகுறியை மட்டும் கேட்டிருந்தால், 100 காசநோயாளிகளில் சுமார் 43 பேர் விடுபட்டுப் போயிருப்பார்கள். அவர்களுக்குச் சொல்லும்படி அறிகுறி இல்லை. ஆனால் நுரையீரலில் நோய் இருந்தது.

முன்பு எக்ஸ்ரே எடுக்க நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஒரு நாள் கூலி போய்விடும். இப்போது கையில் தூக்கிச் செல்லும் எக்ஸ்ரே கருவி வந்திருக்கிறது. அதன் எடை சில கிலோதான். பேட்டரியில் ஓடும். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வைத்தே படம் எடுக்கலாம். படத்தைக் கம்ப்யூட்டரே பார்த்து, சந்தேகம் உள்ள படங்களைப் பிரித்துக் கொடுக்கும். இந்த முறையை 2021இல் உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டது.

ஆனால் எக்ஸ்ரே ஒரு நிழல்தான். வேறு நோயிலும் அதே நிழல் விழலாம். அதனால் சளியைச் சோதித்தால்தான் உறுதியாகத் தெரியும்.

சளி சொல்லும் சேதி

நூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சளியை மைக்ரோஸ்கோப்பில்தான் பார்த்தார்கள். அதில் ஒரு குறை உண்டு. கால் டீஸ்பூனுக்கும் குறைவான சளியில் கூட ஆயிரக்கணக்கான கிருமிகள் இருந்தால்தான் கண்ணில் படும். குறைவாக இருந்தால் தப்பிவிடும்.

கிருமியை வளர்த்துப் பார்க்கும் முறையும் உண்டு. ஆனால் இது மெதுவாக வளரும் கிருமி. சில கிருமிகள் 20 நிமிடத்தில் இரண்டாகப் பெருகும். காசநோய்க் கிருமி இரண்டாக ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். அதனால் முடிவு தெரியப் பல வாரங்கள் ஆகும்.

ஒவ்வோர் உயிருக்கும் அதன் அணுவுக்குள் ஒரு எழுத்துச் சுவடி இருக்கிறது. அதை மரபணு என்கிறோம். காசநோய்க் கிருமியின் சுவடி முழுவதையும் 1998இல் விஞ்ஞானிகள் படித்து முடித்தார்கள். அதில் சுமார் 44 லட்சம் எழுத்துகள் இருந்தன. சளியில் அந்த எழுத்துகள் இருக்கின்றனவா என்று தேடும் கருவிகளும் வந்துவிட்டன. ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிவு தெரியும். முக்கியமான மருந்து ஒன்று இந்தக் கிருமியிடம் பலிக்குமா, பலிக்காதா என்பதும் தெரியும்.

இதில் ஒரு கருவி நம் நாட்டிலேயே உருவானது. அதன் பெயர் ட்ரூநாட். பேட்டரியிலும் ஓடும். மின்சாரம் நின்று நின்று வரும் ஊருக்கும் ஏற்றது. 2020இல் உலக சுகாதார நிறுவனம் இதை ஏற்றுக்கொண்டது.

ஆறு மாதம் எதற்கு?

ஒரு காலத்தில் காசநோயாளியை ஊருக்கு வெளியே உள்ள ஆஸ்பத்திரியில் சேர்ப்பார்கள். மாதக்கணக்கில் படுத்துக் கிடக்க வேண்டும். ஏழைகளுக்கு அது முடியுமா? 1956இல் சென்னையில் ஓர் ஆராய்ச்சி தொடங்கியது. சில நோயாளிகளை ஆஸ்பத்திரியில் வைத்தார்கள். சிலருக்கு வீட்டிலேயே மருந்து கொடுத்தார்கள். 1959இல் முடிவு வெளிவந்தது. வீட்டில் இருந்தவர்களும் அதே அளவுக்குக் குணமானார்கள். அவர்கள் வீட்டில் மற்றவர்களுக்கு அதிகமாக நோய் பரவவும் இல்லை. இதைப் பார்த்து உலகமே தன் முறையை மாற்றிக்கொண்டது.

இப்போது சாதாரணக் காசநோய்க்கு 6 மாதம் மருந்து. முதல் 2 மாதம் 4 மருந்துகள் சேர்ந்த மாத்திரை. அடுத்த 4 மாதம் 3 மருந்துகள் சேர்ந்த மாத்திரை. அரசு ஆஸ்பத்திரியில் இலவசம்.

ஒன்றிரண்டு மாதத்திலேயே இருமல் நின்றுவிடும். உடம்பு தேறிவிடும். "குணமாகிவிட்டதே, இனி மாத்திரை எதற்கு?" என்று சிலர் நிறுத்திவிடுகிறார்கள். அங்கேதான் ஆபத்து. விழித்திருக்கும் கிருமிகள்தான் முதலில் சாகின்றன. தூங்கும் கிருமிகள் மிச்சம் இருக்கும். பாதியில் நிறுத்தினால் அவை எழுந்துவிடும். மருந்துக்கு அடங்காத கிருமியாகவும் மாறலாம்.

அப்படி மாறிய நோய்க்கு முன்பு ஒன்றரை ஆண்டுக்கும் மேல் மருந்து வேண்டியிருந்தது. இப்போது நான்கு மருந்துகள் சேர்ந்த புது முறை வந்திருக்கிறது. அதில் பலருக்கு 6 மாதம் போதும். 2024இல் இந்திய அரசு இதற்கு அனுமதி தந்தது. என்றாலும் அந்த நிலைக்குப் போகாமல் இருப்பதே நல்லது.

இன்னொரு புது ஸ்கேன் உண்டு. அதன் பெயர் பெட் ஸ்கேன். மிகக் குறைந்த கதிர்வீச்சு உள்ள சர்க்கரையை உடம்பில் செலுத்துவார்கள். புண்ணாகி வீங்கிய இடம் சர்க்கரையை அதிகம் இழுக்கும். படத்தில் அந்த இடம் பளிச்சென்று தெரியும். தென் ஆப்பிரிக்காவில் 6 மாத மருந்தை முடித்தவர்களை இப்படிப் படம் எடுத்தார்கள். அவர்கள் சளியில் கிருமி இல்லை. ஆனாலும் பலருக்கு நுரையீரலில் சில இடங்கள் இன்னும் பளிச்சென்று இருந்தன. இந்த ஆய்வு 2016இல் வெளிவந்தது.

இதற்கு என்ன பொருள்? மருந்து பெரும் பகுதி வேலையைச் செய்கிறது. மிச்சத்தை உடம்பின் காவலர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். விஞ்ஞானிகள் இப்படித்தான் கருதுகிறார்கள். அப்படியானால் அந்தக் காவலர்களுக்குச் சாப்பாடு வேண்டாமா?

ஜார்க்கண்டில் கிடைத்த விடை

ஜார்க்கண்ட் மாநிலத்தில் சந்தால், ஹோ, முண்டா போன்ற பழங்குடி மக்கள் நிறைய வாழ்கிறார்கள். அங்கே 4 மாவட்டங்களில் 2019இல் ஓர் ஆராய்ச்சி தொடங்கியது. சென்னையில் உள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் இதில் பங்கு கொண்டது.

2,800 காசநோயாளிகள் சேர்க்கப்பட்டார்கள். அவர்களில் 100க்கு 83 பேர் சத்தில்லாமல் மெலிந்திருந்தார்கள். எல்லா நோயாளிகளுக்கும் மருந்தோடு மாதம்தோறும் உணவுப் பொருளும் கொடுத்தார்கள். அரிசி, பருப்பு, பால் பவுடர், எண்ணெய் எல்லாம் அதில் இருந்தன. சத்து மாத்திரையும் தந்தார்கள்.

நோயாளிகளின் வீட்டில் சுமார் 10,000 பேர் இருந்தார்கள். அந்தக் குடும்பங்களை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவில் வீட்டில் உள்ள எல்லோருக்கும் உணவுப் பொருள் கிடைத்தது. மற்றப் பிரிவில் நோயாளிக்கு மட்டும் கிடைத்தது. 2022 ஜூலை வரை எல்லோரையும் கவனித்து வந்தார்கள்.

நோயாளிக்கு மட்டும் உணவு தந்த வீடுகளில் 1,000 பேருக்கு 26 பேர் வீதம் புதிதாக நோய் வந்தது. வீட்டுக்கே உணவு தந்த இடத்தில் 1,000 பேருக்கு 17 பேர் வீதம்தான் வந்தது. எல்லாக் கணக்கையும் சேர்த்துப் பார்த்தால் நோய் 100க்கு 39 பங்கு குறைந்தது. இதற்குத் தடுப்பூசி போடவில்லை. புது மருந்து கொடுக்கவில்லை. சோறும் பருப்பும்தான் கொடுத்தார்கள்.

நோயாளிகளிடமும் ஒன்றைக் கண்டார்கள். முதல் 2 மாதத்தில் எடை கூடியவர்கள் அதிகமாகப் பிழைத்தார்கள். 40 கிலோ உள்ளவர் 2 கிலோ கூடினால் போதும். அப்படிக் கூடியவர்களுக்குச் சாவின் ஆபத்து பாதிக்கும் கீழே குறைந்தது. 2023இல் இந்த முடிவுகள் வெளிவந்தன. உலகெங்கும் மருத்துவர்கள் இதைப் பற்றிப் பேசினார்கள்.

காசநோயாளிக்குச் சத்துணவு வாங்க அரசு 2018 முதல் மாதம் 500 ரூபாய் கொடுத்து வந்தது. 2024 நவம்பரில் அது 1,000 ரூபாய் ஆனது. பணம் வங்கிக் கணக்கில் வரும். இது தர்மம் அல்ல. இதுவும் சிகிச்சையின் ஒரு பகுதி. இதைக் கேட்டுப் பெற நோயாளிக்கு உரிமை உண்டு.

2015இல் இந்தியாவில் ஒரு லட்சம் பேருக்கு 237 பேர் வீதம் புதிதாகக் காசநோய் வந்தது. 2024இல் அது 187 ஆகக் குறைந்தது. நோய் இறங்குகிறது. ஆனால் மெதுவாக இறங்குகிறது.

வீட்டில் செய்ய வேண்டியவை

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். சளியைச் சோதிக்க வேண்டும்.

வீட்டில் ஒருவருக்கு நோய் என்றால் எல்லோரும் சோதித்துக்கொள்ள வேண்டும். நோய் இல்லாதவர்களுக்கும் தடுப்பு மாத்திரை உண்டு. மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

சொன்ன காலம் முழுவதும் மாத்திரை சாப்பிட வேண்டும். வாந்தி, கண் மங்கல், உடம்பு மஞ்சளாதல் போன்ற தொல்லை வந்தால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தானாக நிறுத்தக் கூடாது.

இருமும்போது வாயைத் துணியால் மூட வேண்டும். சன்னலைத் திறந்து வைக்க வேண்டும்.

நோயாளியின் எடையை மாதம் ஒரு முறை பார்க்க வேண்டும். எடை ஏறாவிட்டால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

பல வீடுகளில் பெண்கள் கடைசியில்தான் சாப்பிடுகிறார்கள். மிச்சம் இருந்தால் உண்டு. இல்லாவிட்டால் கஞ்சித் தண்ணீர்தான். நோய் வந்த மருமகளைத் தாய் வீட்டுக்கு அனுப்புகிறவர்களும் உண்டு. அது தவறு. சரியான மருந்து தொடங்கிய சில வாரங்களில் நோய் பரவுவது வெகுவாகக் குறைந்துவிடும். அவளுக்கு வேண்டியது தனித் தட்டு அல்ல. நிறைந்த தட்டு.

படித்தோம், பேசுவோம்

1. கிருமி புகுந்த எல்லோருக்கும் ஏன் நோய் வருவதில்லை?
2. இருமல் நின்ற பிறகும் மாத்திரையை ஏன் நிறுத்தக் கூடாது?
3. ஜார்க்கண்ட் ஆராய்ச்சியில் நோய் குறைந்தது எதனால்?
4. உங்கள் வீட்டில் கடைசியில் சாப்பிடுவது யார்? அவருக்கு என்ன மிச்சம் இருக்கிறது?