ஆசான் இல்லாத இடத்தில் ஒரு புத்தகம்

செய்முறை நூலை யாரும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிப்பதில்லை. வேலை தட்டி நிற்கிற இடத்தில்தான் அதை எடுத்துப் புரட்டுகிறார்கள். அடுப்பில் சட்டி காய்ந்துகொண்டிருக்கும். வயலில் நாற்று மஞ்சள் தட்டியிருக்கும். வீட்டில் பிள்ளைக்கு இரவிலிருந்து வயிறு போய்க்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் நடையழகு யாருக்கு வேண்டும்? பக்கத்தில் நின்று சொல்லித்தர ஆள் இல்லை. அந்த ஆளின் இடத்தைப் புத்தகம் எந்த அளவுக்கு நிரப்புகிறது என்பதுதான் வாசகர் போடும் கணக்கு. பழைய தென் திருவிதாங்கூரான கன்னியாகுமரி மாவட்டத்தில் இதற்கு ஓலைச்சுவடியிலிருந்தே சான்று காட்டலாம்.

கல்குளம், விளவங்கோடு பகுதிகளில், உடம்பின் உயிர்நிலைகளான வர்மங்களை அறிந்த ஆசான்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த சுவடிகள் ஏராளம். உடம்பில் படுவர்மம் 12, தொடுவர்மம் 96, ஆக 108 என்பது அவற்றில் பரவலாகக் காணப்படும் கணக்கு. வர்மம் இருக்கும் இடத்தை விரலளவிலும், அடி விழுந்த வேகத்தை மாத்திரையிலும், காயம்பட்டவரை எவ்வளவு நேரத்துக்குள் இளக்கி எழுப்ப வேண்டும் என்பதை நாழிகையிலும் சுவடி சொல்லும். மேலோட்டமாகப் பார்த்தால் இதைவிடத் துல்லியமான வழிகாட்டி இருக்க முடியாது. ஆனால் இவற்றை வைத்துக்கொண்டு புதியவர் ஒருவர் எதையும் செய்துவிட முடியாது. எல்லாம் பாட்டு. ஒரே வர்மத்துக்குச் சுவடிக்குச் சுவடி பெயர் மாறும். விரலை எந்தச் சாய்வில் வைப்பது, எவ்வளவு அழுத்துவது என்பது பாட்டில் இராது. அது ஆசானின் கையில் இருக்கும்.

இது எழுதியவர்களின் கவனக்குறைவால் நேர்ந்தது எனச் சொல்ல முடியாது. உயிரைப் போக்கவும் மீட்கவும் வல்ல அறிவு தகாதவர் கையில் சேரக்கூடாது என்று வேண்டுமென்றே மறைத்தார்கள். இந்த மாவட்டத்தின் ஆசான்களிடம் ஆய்வு செய்த மானிடவியலாளர் ரோமன் சீலர் 2015-ல் வெளியிட்ட ஆங்கில நூலில், இந்த மறைப்பையே மையப்பொருள்களில் ஒன்றாக எடுத்துக்கொண்டார். ஆசானிடம் ஆண்டுக்கணக்கில் நின்று பயின்றவனுக்குச் சுவடி ஒரு நினைவுக்குறிப்பு. அந்த அளவில் அது நிறைவான நூல்தான்.

சிக்கல் அதை அச்சிட்டு விற்கும்போது வருகிறது. ‘இந்தியன்’ படம் 1996-ல் வெளிவந்தபின் வர்மம் என்ற சொல் தமிழ்நாடு முழுக்கப் பரவியது. வர்ம பீரங்கி, வர்ம கண்ணாடி, வர்ம சூத்திரம் போன்ற வர்ம நூல்கள் அச்சிலும் கிடைக்கின்றன. ஆர்வத்தில் வாங்கியவர் இரண்டு பக்கம் படித்துவிட்டு மூடிவைக்கிறார். ஒரு வகையில் அது நல்லதுதான். முன்சிறையில் அகில திருவிதாங்கூர் சித்த வைத்திய சங்கம் நடத்தும் கல்லூரி போன்ற இடங்களில், கற்பிப்பவர் அருகில் இருக்கும்போதுதான் அந்தப் பாட்டுகள் வாய் திறக்கின்றன.

ஆசான் இல்லாத வாசகருக்கென்றே எழுதப்பட்ட நூல்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்தன. லண்டன் மிஷன் சங்கத்தின் சார்ல்ஸ் மீட் 1818-ல் நாகர்கோவிலுக்கு வந்தார். அடுத்த சில ஆண்டுகளிலேயே அங்கே அச்சகம் எழுந்தது. யாழ்ப்பாணத்தில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் தமிழாக்கி வெளியிட்ட வேதியியல் நூலான ‘கெமிஸ்தம்’ 1875-ல் அச்சானது இந்த நாகர்கோவில் அச்சகத்தில்தான். ஆனால் கிறீனின் நூல்கள் மாணவருக்கானவை. வகுப்பு, படம், சொற்பட்டியல் எல்லாம் துணைக்கு இருந்தன.

வீட்டில் இருப்பவருக்கான நூலை எழுதியவர் எட்வர்டு ஜான் வாரிங். திருவிதாங்கூர் மன்னரின் அரண்மனை மருத்துவரான இவர், கடைத்தெருவில் கிடைக்கும் மருந்துச் சரக்குகளின் பயன்பாடு பற்றி 1860-ல் ஒரு சிறு நூலை ஆங்கிலத்திலும் தமிழிலும் வெளியிட்டார். பிறகு ஆங்கிலத்தில் அது பல பதிப்புகள் கண்டது. அதன் அமைப்பைப் பார்த்தால் வாசகருக்கு என்ன வேண்டும் என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது புரியும். சீமை மருந்து கிடைக்காத ஊரில் ஓமமும் சுக்கும் கடுக்காயும் வசம்பும் எந்தக் கடையிலும் இருக்கும். ஆகவே இருப்பதிலிருந்து தொடங்கினார். ஒவ்வொரு சரக்கையும் எப்படிக் காய்ச்சுவது, எவ்வளவு கொடுப்பது என்று எழுதினார். தராசு இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? வெள்ளி நாணயத்தையே எடைக்கல்லாக வைத்துக்கொள்ளலாம், ஒரு ரூபாயின் எடை 180 கிரெய்ன், அரை ரூபாய் 90 என்று ஆங்கிலப் பதிப்பு வழிசொல்கிறது. நல்ல செய்முறை நூலுக்கு இந்த ஒரு குறிப்பே அடையாளம். வாசகரின் வீட்டில் எது இருக்கும், எது இராது என்பதை ஆசிரியர் முன்கூட்டியே யோசித்திருக்கிறார்.

அளவு எப்போதுமே தொல்லை கொடுக்கும் விஷயம். எஸ். மீனாட்சி அம்மாள் 1951-ல் வெளியிட்ட ‘சமைத்துப் பார்’, கல்யாணமாகிப் போன பெண்களின் பெட்டியில் கட்டாயம் இடம்பெற்ற புத்தகம். கண்ணளவில், கைப்பிடியில் நடந்துகொண்டிருந்த சமையலை அளவு சொல்லி எழுதியதுதான் அதன் சாதனை. படி, ஆழாக்கு, பலம் எல்லாம் பின்னால் மெட்ரிக் அளவுகளுக்கு வழிவிட்டபோது, அந்த அளவுகளைப் பெயர்த்துச் சொல்லும் வேலை அடுத்த தலைமுறைக்கு வந்தது. கன்னியாகுமரி மாவட்டத்தின் நாஞ்சில் நாட்டிலோ நெல்லும் அரிசியும் கோட்டை, மரக்கால், நாழி, உழக்கு என்று அளக்கப்பட்டன.

ஆனால் எல்லாவற்றையும் அளவால் பிடித்துவிட முடியாது. நாஞ்சில் நாட்டுக் குழம்பான உள்ளித்தீயலை எடுத்துக்கொள்ளலாம். தேங்காய்த் துருவலைச் சட்டியில் போட்டுச் சிறுதீயில் கைவிடாமல் வறுக்க வேண்டும். முதலில் ஈரம் போகும், பிறகு பொன்னிறமாகும். அவியலுக்குப் பழகிய கை அதற்குள்ளேயே பயந்து இறக்கிவிடும். தீயலுக்கு அது போதாது. மல்லியும் வற்றலும் சேர்ந்து நல்ல பழுப்பேறி, துருவலிலிருந்து எண்ணெய் கசிந்து வாசம் எழ வேண்டும். அதற்குமேல் அரை நிமிடம் விட்டால் கரிந்து கசக்கும். “பத்து நிமிடம் வறுக்கவும்” என்று எழுதினால் இதில் எதுவும் வராது. சட்டியும் தீயும் வீட்டுக்கு வீடு வேறு. நிறத்தையும் வாசனையையும் எந்த இடத்தில் கெடும் என்பதையும் சொல்கிற நூல்தான் உதவும். செய்துபார்த்துக் கெடுத்துக்கொண்ட அனுபவம் உள்ளவருக்கே இதை எழுத வரும். நாஞ்சில் நாடனின் ‘நாஞ்சில் நாட்டு உணவு’ போன்ற நூலை, சமையலறைக்குள் நுழையாதவரும் படிக்கிறார்கள். பதார்த்தத்தோடு அதை உண்ட மனிதர்களும், சடங்கும், பஞ்சமும் சேர்ந்து வருவதால் அது கட்டுரை இலக்கியமாகவும் நிற்கிறது.

ஊர்ப்பெயர்ச் சிக்கலும் உண்டு. இங்கே மிளகு ‘நல்லமிளகு’, மரவள்ளி ‘மரச்சீனி’, பலா ‘சக்கை’. சென்னையில் அச்சாகும் புத்தகம் மரவள்ளி என்றே எழுதும். பெரிய தப்பில்லை, ஊகித்துக்கொள்ளலாம். ஆனால் கசப்பு ரக மரவள்ளியில் சயனைடு தரும் நச்சுப்பொருள் அதிகம் என்பதையும், தண்ணீர் தாராளமாக விட்டு வேகவைத்து வடித்துக் கொட்ட வேண்டும் என்பதையும் சொல்லாமல் விட்டால் அது தப்பு.

இடம் மாறினால் அறிவுரையும் மாறும் என்பதற்கு விவசாயமே பெரிய சாட்சி. தஞ்சைப் பக்கத்து உழவருக்குக் குறுவை, சம்பா, தாளடி. நாஞ்சில் நாட்டுக்குக் கன்னிப்பூ, கும்பப்பூ. கன்னி மாதமான புரட்டாசியை ஒட்டி அறுவடையாவது கன்னிப்பூ. கும்பமான மாசியை ஒட்டி அறுவடையாவது கும்பப்பூ. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் இங்கே பெய்கின்றன. 1906-ல் கட்டி முடிந்த பேச்சிப்பாறை அணை இரண்டு பூவுக்கும் கைகொடுக்கிறது. காவிரிப் படுகையை மனத்தில் வைத்து எழுதிய சாகுபடி நூலின் மாதக்கணக்கை அப்படியே பின்பற்றினால், கதிர் முற்றுகிற நேரத்தில் மழை வந்து நிற்கும். திருப்பதிசாரத்தில் நெல் ஆராய்ச்சி நிலையம் அமைந்து, டி.பி.எஸ். என்ற அடைமொழியோடு தனி ரகங்கள் வெளிவந்ததற்கும் இந்த வேறுபாடே காரணம். ‘தமிழ்நாடு முழுமைக்கும்’ என்று அட்டையில் போட்ட விவசாய நூலை நாஞ்சில் நாட்டு உழவர் சந்தேகத்தோடு பார்ப்பது நியாயம்தான்.

புத்தகம் கைவிடும் இடமும் உண்டு. அதை ஒப்புக்கொள்கிற நூலுக்கு மதிப்பு கூடுகிறது. கல்குளம், விளவங்கோடு மலையடிவாரத்தில் ரப்பர் முக்கியப் பயிர். ஒட்டுக்கன்று மரமானால், ஒட்டிய இடத்திலிருந்து 125 செ.மீ. உயரத்தில் சுற்றளவு 50 செ.மீ. வந்தபின் பால்வெட்டுத் தொடங்கலாம், வெட்டுக்கோடு 30 பாகை சாய்ந்திருக்க வேண்டும் என்று வழிகாட்டிகள் சொல்லும். இவையெல்லாம் நாடாவை வைத்து அளந்துவிடக்கூடியவை. பட்டையை எவ்வளவு ஆழம் சீவுவது என்பதுதான் கஷ்டம். பால்குழாய்கள் நெருக்கமாக இருப்பது உள்பட்டையில். அதற்கு அடுத்து மரம் வளரும் மெல்லிய அடுக்கு. அதைத் தொடாமல் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் விட்டு நிறுத்த வேண்டும். தொட்டுவிட்டால் மரம் புண்ணாகி, புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பிறகு அந்த இடத்தில் ஒழுங்காக வெட்ட முடியாது. ஒரு மில்லிமீட்டரை எழுத்தில் படித்து யாரும் கற்றதில்லை. ரப்பர் வாரியம் துண்டறிக்கையோடு நிற்காமல் வெட்டுப் பயிற்சியும் நடத்துவது அதனால்தான்.

கைவேலை சொல்லாத, செய்தி சொல்லும் நூல்களில் வாசகரின் எதிர்பார்ப்பு சற்று மாறுகிறது. மகாசிவராத்திரியை ஒட்டி நடக்கும் சிவாலய ஓட்டத்துக்குப் போகிறவருக்கு, திருமலையில் தொடங்கித் திருநட்டாலத்தில் முடியும் பன்னிரண்டு கோயில்களின் வரிசையும், இடையிலுள்ள தொலைவும், கஞ்சியும் சுக்குக் காப்பியும் கிடைக்கும் இடமும் தெரிந்தால் போதும். அதற்கு ஒரு மடிப்புத்தாள் போதுமானது. சிவன் கோயிலுக்கு ஓடுகிறவர்கள் ஏன் “கோவிந்தா, கோபாலா” என்று குரல் கொடுக்கிறார்கள் என்று கேட்பவருக்கு வேறு நூல் வேண்டும். பீமனும் புருஷாமிருகமும் வரும் கதையை அவர் கேட்டிருப்பார். அது எங்கிருந்து வந்தது, கல்வெட்டு என்ன சொல்கிறது, ஊர்க்காரர் என்ன சொல்கிறார் என்று பிரித்துக் காட்டினால்தான் நம்புவார். அ.கா. பெருமாள் குமரி மாவட்டக் கோயில்கள் பற்றியும் நாட்டார் வழக்காறு பற்றியும் எழுதிய நூல்களின் பலம் அந்தப் பிரிப்பில்தான் இருக்கிறது. அவருக்கு முன்னோடியான கே.கே. பிள்ளை சுசீந்திரம் கோயில் பற்றி 1953-ல் வெளியிட்ட ஆங்கில நூலை ஆய்வாளர்கள் இன்றும் எடுத்துப் பார்க்கிறார்கள். சொன்னதற்குச் சான்று எந்தக் கல்வெட்டில் என்று தேடிச் சரிபார்க்க முடிவதால்தான் அது இத்தனை காலம் நிற்கிறது.

தேடுவது என்றதும் தமிழ்ப் பதிப்புலகின் பழைய குறை ஒன்று நினைவுக்கு வரும். நானூறு பக்கம் போகும் கட்டுரை நூலிலும் சொல்லடைவு இராது. சமையல் நூலில் ‘புளிசேரி’ எந்தப் பக்கம் என்று காண எல்லாவற்றையும் புரட்ட வேண்டும். அவசரத்துக்குப் புரட்டுகிறவருக்கு அடைவு இல்லாத செய்முறை நூல் பாதி நூல்தான். பதிப்பாளர்கள் இதைச் செலவாகவே பார்க்கிறார்கள்.

இன்னொரு குறை, ஆபத்தானது. உள்ளே ஒரு வரியும் திருத்தாமல் புது அட்டை போட்டு வரும் மறுபதிப்புகள். முந்திரிக்கும் நெல்லுக்கும் ஒரு காலத்தில் தாராளமாகப் பரிந்துரைக்கப்பட்ட எண்டோசல்ஃபானை 2011-ல் உச்ச நீதிமன்றம் தடை செய்தது. அதற்கு முந்தைய நூல்கள் நூலக அடுக்குகளில் இன்னும் இருக்கின்றன. அவை தாமாகத் திருந்திக்கொள்ளப் போவதில்லை. மருத்துவமோ விவசாயமோ சட்டமோ, எந்த வழிகாட்டி நூலை வாங்கினாலும், அட்டையைப் பார்த்தபின் பதிப்பு விவரப் பக்கத்தைத் திருப்பி, முதற்பதிப்பு எந்த ஆண்டு, கடைசியாகத் திருத்தியது எப்போது என்பதைப் பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.