வாய் முந்துவது ஏன்?

மனத்தில் தோன்றுவதையெல்லாம் நாம் சொல்லிவிடுவதில்லை. வரும் சொல்லை நாக்கு நுனியிலேயே நிறுத்துவதில் நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப் பகுதிக்குப் பெரும் பங்கு உண்டு. நினைவில் ஏந்திவைத்தல், கவனத்தை மாற்றுதல் ஆகியவற்றோடு சேர்த்து, இந்த அடக்கும் திறனை உளவியலார் ‘நிர்வாகச் செயல்பாடு’ என்கிறார்கள்.

இந்தத் திறனை எப்படி அளப்பது? உளவியலாளர் ஸ்ட்ரூப் 1935இல் வெளியிட்ட சோதனை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. ‘சிவப்பு’ என்ற சொல் பச்சை மையில் அச்சாகியிருக்கும். மையின் நிறத்தை மட்டும் சொல்ல வேண்டும். படிக்கத் தெரிந்த எவரும் சற்றுத் தடுமாறுவார்.

இந்த நிற விளையாட்டுக்கும் நாகரிகத்துக்கும் என்ன தொடர்பு? ஆஸ்திரேலியாவில் உளவியலாளர்கள் வான் ஹிப்பலும் கான்சல்கோரலும் 2005இல் வெளியிட்ட ஆய்வு இதைக் குறும்பாகச் சோதித்தது. சீனச் சமையலில் வெந்த கோழிக்காலை, நகத்தோடு, மாணவர்கள் முன் நீட்டினார்கள். (கோழிக்கால் சூப்பை விரும்பிக் குடிக்கும் நம்மவர்களிடம் இது செல்லாது!) கோழிக்காலை நீட்டியவர் சீனராக இருந்து, அது தன் நாட்டு உணவு என்று சொன்னால், முகம் சுளிப்பது அவமரியாதை. அப்போதும் சிலர் சுளித்தார்கள். ஸ்ட்ரூப் சோதனையில் அதிகம் தடுமாறியவர்களே அருவருப்பையும் அதிகம் காட்டினார்கள். எட்டு இலக்க எண்ணை நினைவில் வைத்திருக்கும்படி பணிக்கப்பட்டவர்களுக்கும் அடக்கம் தளர்ந்தது.

ஆக, வெடுக்கென்ற பேச்சு எல்லாமே கெட்ட எண்ணத்தில் பிறப்பதில்லை; மனம் வேறு வேலையில் ஆழ்ந்திருப்பதாலும் வரலாம். வீட்டில் ஒரு சிக்கலான பேச்சைத் தொடங்குமுன், எதிரில் இருப்பவர் மாதக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாரா என்று பாருங்கள். ஆம் என்றால், முதலில் அதை முடிக்கட்டும்.