வாக்கெடுப்பில் பெயர் பதியப்படாத நூல்கள்

உலகின் தலைசிறந்த நூல்கள் எவை என்பதைப் பலரிடம் கேட்டு, வாக்குகளை எண்ணித் தீர்மானிக்கும் வழக்கம் கடந்த கால் நூற்றாண்டில் வெகுவாகப் பரவிவிட்டது. மன்னார்த் தீவிலோ எதிரே உள்ள பெருநிலக் கரையிலோ ஒரு பாடசாலையோ வாசகர் வட்டமோ இத்தகைய வாக்கெடுப்பொன்றை நடத்த வேண்டும் என்பது நமது விருப்பம். ஆயினும், அது உண்மையில் எதனை அளக்கின்றது என்பதை முதலில் விளங்கிக்கொள்ளல் அவசியம்.

2002இல் நோர்வே நூற்கழகம் 54 நாடுகளைச் சேர்ந்த 100 எழுத்தாளர்களிடம் கருத்துக் கேட்டது. செர்வாண்டிசின் 'டொன் கிஹோத்தே' ஏனையவற்றை விஞ்சி நின்றது. எஞ்சிய நூல்கள் தரவரிசையின்றி வெளியிடப்பட்டன. 'ஆயிரத்தொரு இரவுகள்', ரூமியின் 'மஸ்னவி', சஅதியின் 'பூஸ்தான்', மகாபாரதம், வால்மீகி இராமாயணம் ஆகியன அந்த நூறினுள் இடம்பெற்றன. தமிழ் நூல் ஒன்றேனும் இல்லை. திருக்குறளையும் சிலப்பதிகாரத்தையும் அவ்வெழுத்தாளர்கள் படித்துப் பார்த்து ஒதுக்கினார்கள் என்பது இதன் பொருளன்று. அவர்களுள் பெரும்பாலோரின் கைக்கு அவை எட்டியிருக்கவே மாட்டா. எவரும் தாம் அறிந்த நூலுக்கே வாக்களிக்க முடியும்.

அறிஞர் குழுவை விடுத்துப் பொதுமக்களிடம் கேட்டால் வேறொரு சிக்கல் எழுகின்றது. 1998இல் அமெரிக்காவின் மொடர்ன் லைப்ரரி பதிப்பகம் இருபதாம் நூற்றாண்டின் ஆங்கில நாவல்களைத் தெரிவு செய்தபோது, அதன் ஆலோசனைக் குழு ஜேம்ஸ் ஜோய்சின் 'யுலிசெஸ்' நாவலை முதலிடத்தில் வைத்தது. இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் பதிவான வாசகர் பட்டியலிலோ அயன் ராண்டின் 'அட்லஸ் ஷ்ரக்ட்' முதலிடம் பெற்றது. முதல் பத்தில் நான்கு நூல்கள் அவருடையவை. அணி திரண்ட அபிமானிகளின் வலிமை அத்தகையது. 2003இல் பிரித்தானியாவில் பி.பி.சி. நடத்திய வாக்கெடுப்பில் டோல்கீனின் 'லோர்ட் ஒவ் த ரிங்ஸ்' வென்றது. அதன் திரைவடிவத்தின் மூன்றாம் பாகம் வெளியானதும் அதே டிசம்பரில்தான்.

நம்மவர்களும் இதில் சளைத்தவர்களல்லர். 2002இல் பி.பி.சி. உலக சேவை உலகின் அபிமானப் பாடலைத் தேடியபோது, முதல் பத்தினுள் 'ராக்கம்மா கையத் தட்டு', 'பூவும் நடக்குது பிஞ்சும் நடக்குது' ஆகிய இரண்டு தமிழ்ப் பாடல்கள் இடம்பிடித்தன. தமிழிசையின் சிகரம் இவ்விரண்டுமே என நாமே வாதிட மாட்டோம்.

ஆகவே வாக்கெடுப்பின் முடிவை நிர்ணயிப்பதில் நூலின் தரத்துக்கு நிகராக இரண்டு விடயங்கள் பங்கு வகிக்கின்றன. வாக்காளர் இடாப்பில் யார் இருக்கின்றனர்? அவர்களின் கைக்கு எட்டியவை எவை? முதலாவது வினாவின் கனதியை மன்னார் மக்களுக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட வடபுல முஸ்லிம்களுள் எருக்கலம்பிட்டி முதலிய ஊர்களைச் சேர்ந்த பலர் கடல் வழியே கற்பிட்டியை அடைந்தனர். போர்க்காலத்தில் இக்கரைத் தமிழர் பலர் படகேறித் தமிழக முகாம்களுக்குச் சென்றனர். பின்னர் எந்த ஊர் இடாப்பில் பெயரைப் பதிவது என்பதே புத்தளத்தில் வாழ்ந்தோருக்குத் தீராத பிரச்சினையாயிற்று. அவசரமாக வெளியேறியவர்களின் கைப்பைகளில் அறபுத் தமிழ் ஏடுகளுக்கும் கூத்துக் கொப்பிகளுக்கும் எவ்வளவு இடம் இருந்திருக்கும்?

இரண்டாவது வினாவும் இங்கு எளிதானதன்று. மன்னாரின் கத்தோலிக்க நாட்டுக்கூத்துகள் பல தலைமுறைகளாகக் கையெழுத்துப் பிரதிகளிலும் அண்ணாவிமாரின் நினைவிலுமே வாழ்ந்தவை. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் எடுத்த முயற்சியால் 'என்டிறீக்கு எம்பரதோர்', 'மூவிராசாக்கள்', 'ஞானசௌந்தரி' ஆகியன அச்சேறின. அச்சேறாதவற்றுக்கு எந்த வாக்கெடுப்பிலும் ஒரு வாக்கேனும் விழாது. இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்தின் நிலையும் ஏறத்தாழ இதுவே. பேராசிரியர் ம.மு. உவைஸ் தேடித் தொகுத்து ஆராய்ந்திராவிடின், 'சீறாப்புராணம்' தவிர்ந்த காப்பியங்களின் பெயர்களைக்கூடப் பலர் அறிந்திருக்கமாட்டார்கள்.

நமது யோசனை இதுதான். மன்னாரில் வாக்கெடுப்பு நடத்துவோர் வேத நூல்களைப் போட்டிக்கு வெளியே வைத்துவிடுதல் நன்று. அல்குர்ஆனை மனிதர் இயற்றிய நூல்களோடு நிரைப்படுத்த முஸ்லிம்கள் உடன்படார். பைபிளையும் திருமுறைகளையும் பொறுத்தவரை ஏனையோரின் உணர்வும் அதுவே. புலவர் யாத்த காப்பியங்களான 'சீறாப்புராணம்', 'தேம்பாவணி' போன்றவை போட்டியில் இருக்கலாம். புத்தளத்திலும் தமிழகத்திலும் வாழும் மன்னாரவர்களுக்கும் வாக்குச் சீட்டு அனுப்பப்பட வேண்டும்.

அச்சீட்டில் இரண்டு வினாக்கள் இருக்கட்டும். நீங்கள் படித்தவற்றுள் தலைசிறந்தது எது என்பது முதலாவது. இதற்கான விடை பெரும்பாலும் ஊகிக்கத்தக்கதே. 'பொன்னியின் செல்வன்' முந்திவிடும் என்று இப்போதே கூறிவைக்கிறோம். உங்கள் வீட்டிலோ ஊரிலோ முன்பிருந்து இன்று கிடைக்காத நூல் அல்லது ஏடு எது என்பது இரண்டாவது. அந்த விடைகளை எண்ண வேண்டியதில்லை. ஒருவர் மாத்திரம் குறிப்பிட்ட பெயரும் பெறுமதியுடையதே. அவற்றை அவ்வாறே தொகுத்து, 2005 முதல் ஈழத்து நூல்களை எண்ணிம வடிவில் சேகரித்துவரும் நூலகம் நிறுவனத்திடமும் பிரதேச நூலகங்களிடமும் கையளித்தால், எந்த வீட்டுக் கதவைத் தட்டித் தேடுவது என்பதாவது அவர்களுக்குத் தெரியவரும்.