வாகனத்தின் மாற்றுச் சாவியை வெளியே வைப்பது பற்றி

மோட்டார் வாகனம் வைத்திருத்தல் இன்று நம் மாவட்டத்தில் செல்வந்தருக்கு மாத்திரம் உரிய காரியமன்று. வாழைக்குலை ஏற்றிக்கொண்டு விடியுமுன் நாகர்கோவில் அப்டா சந்தைக்கு வரும் விவசாயியிடம் சிறு சரக்கு வண்டி உண்டு. வேட்டிக் கட்டுகளைக் கண்காட்சிக்கு எடுத்துச் செல்லும் நெசவாளர் சங்கங்கள் சிலவற்றிற்கும் சொந்தமாக வண்டி உண்டு. வண்டிகள் பெருகவே, நாஞ்சில் நாட்டு முதியோர் இன்றும் 'தாக்கோல்' என்று வழங்கும் சாவியைப் பற்றிய தொல்லைகளும் பெருகியுள்ளன. "மாற்றுச் சாவி ஒன்றை வண்டியின் அடியில் ஒட்டி வைத்துவிட்டால் என்ன?" என்று அங்கத்தினர் பலர் வினவுகின்றனர். வைக்கலாமா, வைத்தால் எந்தச் சாவியை, எவ்விடத்தில், யாருடைய வண்டியில் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

இவ்வினா வீண் வினா அன்று. திற்பரப்பு அருவியில் நீராடுபவரும், முட்டத்திலும் சங்குத்துறையிலும் கடலில் இறங்குபவரும் சாவியை எங்கே வைப்பது? இடுப்பு வேட்டியில் முடிந்தால் அலை கொண்டுபோகும். கரையில் துணியோடு வைத்தால் துணியோடு போகும். சரக்கு இறக்கும் அவசரத்தில் சாவியை உள்ளே விட்டுக் கதவை அறைந்து சாத்திவிடுவதோ அன்றாட நிகழ்ச்சி. உள்ளே இருப்பது காய்கறியாயின் சில மணி நேரத் தாமதத்தோடு போயிற்று. குழந்தையாயின் காரியம் வேறு. வெயிலில் நிற்கும் மூடிய காரினுள் பத்து நிமிடத்தில் ஏறத்தாழ பத்து டிகிரி சென்டிகிரேட் அளவுக்கு வெப்பம் ஏறக்கூடும். ஒரு மணி நேரத்தில் ஏறும் வெப்பத்தில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரைமணிக்குள்ளாகவே ஏறிவிடுகிறது என்றும், கண்ணாடியைச் சிறிது இறக்கி வைப்பதால் அதிக பயன் இல்லை என்றும் 2005ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டிற்று. ஆகவே, குழந்தை உள்ளே சிக்கியிருக்கையில் மாற்றுச் சாவியைத் தேடி ஆளனுப்பிக் காத்திருத்தல் கூடாது. குழந்தைக்குத் தூரமாயுள்ள பக்கக் கண்ணாடியை உடைத்துத் திறக்க வேண்டும். 112க்கும் உடனே தெரிவிக்க வேண்டும். முன் கண்ணாடியில் கை வைத்துப் பயனில்லை. அது நடுவே மெல்லிய படலம் ஒட்டிய கண்ணாடி, விரிசல் விடுமே அன்றி எளிதில் வழிவிடாது. கண்ணாடிக்குக் கொடுக்கும் பணத்தைப் பற்றி அந்நேரத்தில் யோசிப்பவரும் உளர் என்பதனாலேயே இதை இவ்வளவு விரித்து எழுதினோம்.

இனிச் சாவியின் தன்மையைப் பார்ப்போம். ஆதியில் கார்ச் சாவி மின்சாரத்தை இணைப்பதற்கும் துண்டிப்பதற்குமே பயன்பட்டது. இயந்திரத்தைக் கிளப்ப வேறொரு பொத்தானை அமிழ்த்த வேண்டும். சாவியைத் திருகியே வண்டியைக் கிளப்பும் முறையை அமெரிக்காவின் கிறைஸ்லர் கம்பெனி 1949இல் கொண்டுவந்தது. 1980இல் போர்டு கம்பெனி தன் சில கார்களின் கதவிலேயே எண் பொத்தான்களை அமைத்து, சாவியின்றி எண்களை அமிழ்த்தித் திறக்க வழி செய்தது. உள்ளே சாவியைப் பூட்டிவிட்டுத் திகைப்போரின் தொல்லை எல்லா நாட்டுக்கும் பொது என்பது இதனால் விளங்கும்.

இன்றைய கார்களில் பெரும்பாலானவற்றின் சாவித் தலையினுள் ஓர் அடையாளச் சில்லு பதிக்கப்பட்டிருக்கிறது. பூட்டைச் சுற்றியுள்ள கம்பிச் சுருள் அச்சில்லை உயிர்ப்பித்து அதன் அடையாளத்தைக் கேட்கிறது. சரியான விடை வந்தாலன்றி இயந்திரம் ஓடாது. ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் புதிய கார்களுக்கு 1998 முதல் இது கட்டாயமாயிற்று. கடைத்தெருவில் சாவி வெட்டுபவர் அதே பற்களுடன் வெறும் இரும்புச் சாவி ஒன்றை வெட்டித் தருவாரானால், அது கதவைத் திறக்கும், வண்டியைக் கிளப்பாது. பலர் இதைக் குறையாகக் கருதிச் சாவி வெட்டியவரிடம் சண்டைக்குப் போகின்றனர். நம் காரியத்திற்கு அதுவே பெரிய நன்மை. வெளியே வைக்கத் தகுந்த சாவி இந்த வெறுஞ் சாவி ஒன்றுதான். திருடன் கண்டெடுத்தாலும் கதவைத் திறந்து கைக்கு அகப்பட்டதை எடுப்பானே தவிர, வண்டியை ஓட்டிக்கொண்டு போக இயலாது. உள்ளே சிக்கிய சாவியை மீட்க நமக்கும் கதவு திறந்தால் போதும். உண்மைச் சாவி கடலோடு போய்விட்டதாயின் இது உதவாது. அதற்கு வீட்டிலுள்ள இரண்டாம் சாவியைத்தான் வரவழைக்க வேண்டும்.

சில்லு இல்லாத வண்டிகளுக்கு இந்த நியாயம் பொருந்தாது. இரு சக்கர வண்டிகள் பலவற்றிலும், பழைய சிறு சரக்கு வண்டிகளிலும் எந்த வெட்டுச் சாவியும் இயந்திரத்தைக் கிளப்பிவிடும். அவற்றின் சாவியை வெளியே மறைத்து வைத்தல், வண்டியையே தெருவில் தானமாக நிறுத்துவதற்குச் சமம்.

கையில் வைத்திருந்தாலே கதவு திறக்கும் புதுவகைச் சாவிக்கு வேறொரு விபரீதம் உண்டு. சாவி ஓரிரு முழ தூரத்தில் இருப்பதை வண்டி தானே உணர்ந்துகொள்கிறது. அதை வண்டியின் அடியில் மறைத்து வைத்தால், சாவி உரியவர் கையில் இருப்பதாக எண்ணி, கைப்பிடியைத் தொடும் எவருக்கும் கதவைத் திறந்துவிடக் கூடும். சாவியிலுள்ள சிறு பாட்டரியும் வீணே தீரும். இவ்வகைச் சாவியின் உடலுக்குள்ளே மெல்லிய உலோகச் சாவி ஒன்று செருகப்பட்டிருப்பதைப் பலர் அறியார். அதை மட்டும் உருவி வெளியே வைக்கலாம். சில வண்டிகளில் அதற்குரிய துளை ஓட்டுநர் கதவில் மட்டுமே, அதுவும் ஒரு மூடிக்கு உள்ளே இருக்கும். முன்பே பார்த்து அறிந்துகொள்க. உலோகச் சாவியால் திறந்ததும் அபாய ஒலி அலறத் தொடங்கினாலும் அஞ்ச வேண்டாம். உள்ளேயுள்ள உண்மைச் சாவியை எடுத்து இயக்கினால் அடங்கிவிடும்.

எவ்விடத்தில் வைப்பது? கடைகளில் காந்தம் பொருத்திய சிறு பெட்டி விற்கிறார்கள். நம் மாவட்டத்துக்கு அது அத்தனை ஏற்றதன்று என்பது நமது கருத்து. முதலாவது, இன்றைய வண்டிகளின் முன்பின் தாங்கிகள் பிளாஸ்டிக்கால் ஆனவை. சக்கரங்கள் பலவும் அலுமினியக் கலவை. இவற்றில் காந்தம் ஒட்டாது. அடிச்சட்டத்தின் இரும்பில் மட்டுமே ஒட்டும். அங்கும் சேறு இடையில் புகுந்தால் பிடி தளரும். மலையோர ரப்பர் தோட்டத்துப் பாதையில் இரண்டு குலுக்கலில் விழுந்துவிடும். நியோடிமியம் என்னும் வலிய காந்தத்தின் சாதாரண வகை 80 டிகிரிக்கு மேல் சூடேறினால் வலுவிழக்கும்; ஆகவே புகைக்குழாயின் அருகே வைத்தல் தகாது. அதன் மேற்பூச்சு உரிந்தால் உப்புக் காற்றில் அது விரைந்து துருப்பிடித்து உதிரும். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெய்து, மூன்று பக்கமும் கடற்காற்று வீசும் பிரதேசத்தில் இதைச் சிறு விஷயமாக எண்ண இயலாது.

சாவியைப் பழைய சைக்கிள் டியூப் துண்டில் சுற்றி, வண்டியின் அடிச்சட்டத் துளை ஒன்றில் பிளாஸ்டிக் கட்டுப்பட்டையால் இறுக்கிக் கட்டுவது இதனினும் மேல். அறுக்கக் கத்தி வேண்டும் என்பதே அதன் காவல். சுழலும் பாகம், சூடேறும் பாகம், பிரேக் குழாய் இவற்றின் பக்கமே போகலாகாது. பருத்தி நூலால் கட்டினால் மழையில் நைந்துபோகும் என்பதை நெசவாளருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. எண் பூட்டுள்ள உலோகப் பெட்டியை இழுவை வளையத்தில் மாட்டிவிட்டுக் கடலில் இறங்குவது அயல் நாடுகளில் அலைச் சறுக்கு விளையாடுவோரின் வழக்கம். நான்கு இலக்கப் பூட்டில் 10,000 எண்கள் அமைய இடமுண்டு. ஆயினும் வண்டி எண்ணையே பூட்டு எண்ணாக வைப்பவருக்கு அந்தப் பத்தாயிரமும் பயன்படா. அதற்குத் தேங்காய் எண்ணெய் விடுவதை விட்டொழிக்க வேண்டும். மணல் வந்து அப்பிக்கொள்ளும். பென்சில் கரித்தூள் போதுமானது.

நம்பர் பலகையின் பின்னால் திருகாணி வைத்து மறைக்கும் பழைய உபாயம் இனிச் செல்லாது. 2019 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து புதிய வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு நம்பர் பலகை கட்டாயம். அதைப் பிணைக்கும் பூட்டாணியை உடைக்காமல் கழற்ற இயலாது. சக்கரத்தின் மேல்புறம், முன் தாங்கியின் உட்புறம் ஆகியவையோ திருடன் முதலில் தடவிப் பார்க்கும் இடங்கள்.

இதுகாறும் சொன்னவை சொந்த வண்டிக்கு. சங்கத்தின் வண்டிக்கு இவற்றுள் ஒன்றும் ஆகாது என்பதை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறோம். காரணம் இரண்டு. மோட்டார் இன்ஷ்யூரன்ஸ் பத்திரத்தில், வண்டியைக் காக்க நியாயமான எல்லா நடவடிக்கைகளையும் உடைமையாளர் எடுக்க வேண்டும் என்பது ஒரு நிபந்தனை. வண்டி களவு போனதாக ஈட்டுத்தொகை கோரினால், இன்ஷ்யூரன்ஸ் கம்பெனி கேட்பவற்றுள் வண்டியின் இரண்டு சாவிகளும் அடங்கும். "ஒன்று வண்டியின் அடியிலேயே கட்டியிருந்தது" என்ற விடை கோரிக்கையைத் தகராறில் மாட்டிவிடும். அடுத்தபடியாக, தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் 1983இன் 87ஆம் பிரிவு இருக்கிறது. வேண்டுமென்றே செய்த கவனக்குறைவால் சங்கத்துக்கு நஷ்டம் நேர்ந்தால், அதற்குக் காரணமானவரிடமிருந்தே தண்டத்தீர்வையாக வசூலிக்க அப்பிரிவு இடம் தருகிறது. டிரைவர் நல்லெண்ணத்தோடு கட்டிய சாவியாயினும், நிர்வாகக் குழுவுக்குத் தெரிந்தே கட்டப்பட்டதாயின் குழுவும் பதில் சொல்ல நேரிடும்.

சங்கத்துக்கு உகந்த வழி நம்மிடம் நெடுநாளாகவே உள்ளது. இரும்புப் பெட்டியின் மாற்றுச் சாவியை அரக்கு முத்திரையிட்ட உறையில் வங்கியில் ஒப்படைத்து ரசீது பெறும் வழக்கத்தை அங்கத்தினர் அறிவர். வண்டிச் சாவியையும் அவ்வாறே உறையிலிட்டு, தலைவரும் காரியதரிசியும் கையொப்பமிட்டு, தீர்மானப் புத்தகத்தில் பதிந்து, அலுவலகப் பெட்டியில் வைக்கலாம். வண்டி வெளியூர் செல்லும் நாளில் டிரைவருடன் போகும் இரண்டாம் ஆளிடம் உறையைக் கொடுத்து, திரும்பியதும் முத்திரையைச் சரிபார்த்து வாங்கிவைக்கலாம். இரு சாவியும் ஒருவர் பையில் சேரலாகாது; இதில் அதுவே முக்கியம்.

உறையிலிட்டதோடு காரியம் முடிந்ததாகச் சில சங்கங்கள் கருதுகின்றன. ஒடிசா மாநிலத்துப் புரி ஜகந்நாதர் கோயிலின் ரத்தின பண்டாரத்தில் நேர்ந்ததை அவர்கள் அறிதல் நலம். 1978இல் அங்குள்ள நகைகளின் கணக்கு எடுக்கப்பட்டது. 2018 ஏப்ரலில் உள்ளறையைப் பரிசோதிக்கச் சென்றபோது சாவியைக் காணோம். அவ்வாண்டு ஜூனில் மாவட்ட ஆவண அறையில், உள்ளறையின் மாற்றுச் சாவிகள் என்று எழுதிய உறை ஒன்று அகப்பட்டது. 2024 ஜூலை 14ஆம் தேதி உள்ளறையைத் திறக்க முயன்றபோது கைவசமிருந்த சாவிகள் பூட்டில் செல்லவில்லை. பூட்டுகளை உடைத்தே திறக்க வேண்டியதாயிற்று. உறையின் மேல் எழுத்து இருந்தது. உள்ளே இருந்த சாவி சேருமா என்பதை ஒருவரும் போட்டுப் பார்த்து வைத்திருக்கவில்லை.

ஆகையால் மாற்றுச் சாவி எங்கே இருப்பினும் மூன்று மாதத்துக்கொரு முறை எடுத்துப் பூட்டில் போட்டுத் திருப்பிப் பார்த்து, தேதியைக் குறித்து வைக்க வேண்டும். வெட்டிய சாவியை வாங்கிய அன்றே கடை வாசலில் கதவைத் திறந்து பார்த்துவிட்டுப் பணம் கொடுப்பது உத்தமம். வெளியே கட்டிய சாவி ஒரு நாள் காணாமற்போனால், 'எங்கோ விழுந்திருக்கும்' என்று விட்டுவிடலாகாது. அது வெறுஞ் சாவியாயின் கதவுப் பூட்டின் உருளையை மாற்றிவிட வேண்டும். சில்லுள்ள சாவியே தொலைந்ததாயின், கம்பெனிப் பணிமனைக்கு மீதிச் சாவியுடன் சென்று, தொலைந்த சாவியின் அடையாளத்தை வண்டியின் நினைவிலிருந்து நீக்கித் தரும்படி கேட்க வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் இது இயலும். அதன் பின் அச்சாவி யார் கையில் கிடைத்தாலும் வண்டி கிளம்பாது. செய்து கொடுத்ததற்கு எழுத்தில் ரசீது வாங்கி, இன்ஷ்யூரன்ஸ் பத்திரத்தோடு சேர்த்து வைத்திடுக.