ஃபார்மேட்டில் தீராத மயக்கம்

எங்கள் தெருமுனை ஜெராக்ஸ் கடைக் கணினிக்குக் கத்திரி வெயிலோடு ஒரு வியாதியும் சேர்ந்து வந்தது. கல்லூரி விண்ணப்பத்தைப் பாதி நிரப்பியிருப்பார்கள். 'டக்' என்று ஒரு சத்தம், திரை இருண்டுவிடும். நீலத் திரை கிடையாது, எச்சரிக்கை கிடையாது. "திரும்ப ஓடிபி வரணுமா?" என்று வரிசையில் நிற்பவர் முனகுவார். பழுது பார்க்க வந்த தம்பி வாசலிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "வைரஸ்ணே. ஃபார்மேட் போட்டுடலாம்." போட்டார். இரண்டே நாளில் மறுபடி அணைந்தது. மறுபடி போட்டார். மறுபடியும் அணைந்தது.

நம் ஊர்க் கணினி வைத்தியத்தில் ஃபார்மேட் என்பது சுக்குக் கஷாயம் மாதிரி. எந்த நோய்க்கும் முதலில் அதைத்தான் கொடுப்பார்கள். ஆனால் மென்பொருள் கெட்டால் கணினி பொதுவாக உறைந்து நிற்கும், நீலத் திரை காட்டும், தானே ரீஸ்டார்ட் ஆகும். பிளக்கைப் பிடுங்கியதுபோல் சட்டென்று செத்துப்போவது பெரும்பாலும் மின்சாரமும் வெப்பமும் சம்பந்தப்பட்ட விவகாரம். 2003 ஆகஸ்டில் உலகையே ஆட்டிவைத்த பிளாஸ்டர் புழுகூட, விண்டோஸ் எக்ஸ்பி கணினிகளில் 60 நொடி அவகாசம் கொடுத்து, திரையில் ஒன்றொன்றாக எண்ணிக் காட்டிவிட்டுத்தான் ரீஸ்டார்ட் செய்தது. வைரஸுக்கே அவ்வளவு மரியாதை இருந்தது.

விண்டோஸின் ஈவென்ட் வியூவரைத் திறந்து பார்த்தேன். கெர்னல் பவர், எண் 41 என்று வரிசையாகச் சிவப்புப் பதிவுகள். பலர் இதைத்தான் நோயின் பெயர் என்று நினைத்துவிடுகிறார்கள். மயங்கி விழுந்தவர் கண் விழித்ததும் "நான் விழுந்துட்டேன் போல" என்று சொல்வதற்கு மேல் இதில் ஒன்றுமில்லை. ஏன் விழுந்தார் என்பது அவருக்கும் தெரியாது. அந்தப் பதிவின் உள்ளே பக்செக் கோடு என்ற இடத்தில் பூஜ்யம் இருந்தால் ஒரு சிறு தடயம் கிடைக்கிறது: நீலத் திரை எதுவும் பதிவாகவில்லை, பெரும்பாலும் மின்சாரம்தான் அறுந்திருக்கிறது.

ஆகவே கடைக்காரரிடம் ஒரு வேலை சொன்னேன். "எப்ப அணையுது, அப்ப என்ன செஞ்சிட்டிருந்தீங்க, ரெண்டு மட்டும் எழுதி வைங்கண்ணே." நான்கு நாள் கழித்து, கிழித்த நாட்காட்டித் தாள்களின் பின்பக்கத்தில் எழுதி நீட்டினார். காலையில் அணைவது அபூர்வம். பிற்பகல் இரண்டு முதல் நான்கு வரை, அதுவும் பாஸ்போர்ட் போட்டோ திருத்தும்போது, அதிகம். அணைந்த கையோடு மறுபடி போட்டால் மூன்று நிமிஷம்கூடத் தாங்குவதில்லை. டீ குடித்துவிட்டு வந்து போட்டால் அரை மணி நேரம் ஓடுகிறது. ஓரிடத்தில், "அணையறதுக்கு முன்னாடி திணறுது" என்றும் எழுதியிருந்தார்.

ஆறவிட்டால் பிழைக்கிறது என்றால் வெப்பம்தான். பிராசஸருக்குள் சிலிக்கனிலேயே வெப்பமானிகள் பதித்திருக்கிறார்கள். பழைய வகையில் அது ஒரு சாதாரண டயோடு. சூடு ஒரு டிகிரி ஏறினால் அதன் குறுக்கே உள்ள மின்னழுத்தம் ஏறக்குறைய 2 மில்லிவோல்ட் குறையும். அதை வைத்துக் கணக்கிடுவார்கள். இன்றைய பிராசஸர்கள் பலவும் 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்கின்றன. கடைக்காரர் எழுதிய 'திணறல்' அதுதான். அதற்கும் அடங்காமல் சூடு ஏறினால் கடைசிக் கம்பி ஒன்று இருக்கிறது. அதில் சமிக்ஞை போனதும் மதர்போர்டு மின்சாரத்தை வெட்டிவிடும். விண்டோஸிடம் அனுமதி கேட்பதில்லை, கோப்பைச் சேமிக்கவும் விடுவதில்லை.

இந்தக் காவல் எப்போதும் இருந்ததல்ல. 2001இல் டாம்ஸ் ஹார்டுவேர் தளத்தினர், ஓடிக்கொண்டிருந்த பிராசஸர்களின் மேலிருந்து, சூட்டை வாங்கும் உலோக ஹீட்சிங்கைப் பிடுங்கி ஒரு சோதனை செய்தார்கள். பென்டியம் 4 வேகம் குறைந்து தள்ளாடினாலும் நிற்கவில்லை. பென்டியம் 3 நின்றுபோனது, ஆனால் பிழைத்தது. அன்றைய ஏஎம்டி அத்லான் கண் மூடித் திறப்பதற்குள் புகைந்து கருகியது. அதைப் பார்த்தவர்களுக்குத் திடீரென்று அணையும் கணினி மேல் கோபம் வராது.

சூடு எவ்வளவு என்பதற்கு ஓர் ஒப்பீடு. 1000 வாட் இஸ்திரிப் பெட்டியின் அடிப்பரப்பு சுமார் 200 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 வாட். 2004இல் வந்த பிரெஸ்காட் வகை பென்டியம் 4இன் சில்லு 1.12 சதுர சென்டிமீட்டர்தான். அதில் வேகமான ரகங்கள் 115 வாட் வரை கக்கின. அதாவது இஸ்திரிப் பெட்டியைப்போல் இருபது மடங்கு.

கேபினட்டைத் திறந்தோம். மேஜைக்கு அடியில் மர அறைக்குள், கதவும் சாத்தி வைத்திருந்தார்கள். வெளியே 40 டிகிரி என்றால் உள்ளே இன்னும் கூடுதல். காற்றாடியால் பிராசஸரைச் சுற்றுக் காற்றைவிடக் குளிர வைக்க முடியாது. அறை 10 டிகிரி ஏறினால் பிராசஸரும் ஏறக்குறைய அதே 10 டிகிரி ஏறும். ஹீட்சிங்கின் தகடுகளுக்கிடையே தூசி கம்பளிபோல் அடைத்திருந்தது. ஜெராக்ஸ் கடையில் காகிதத் தூளுக்கா பஞ்சம்! உண்மையான குற்றவாளி அதற்கும் கீழே இருந்தது. ஹீட்சிங்கைப் பிடித்திருக்கும் நான்கு பிளாஸ்டிக் கால்களில் ஒன்று விடுபட்டு, அந்த மூலை லேசாகத் தூக்கி நின்றது. பிராசஸருக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே வெப்பம் கடத்தவேண்டிய தெர்மல் பேஸ்ட் காய்ந்த சுண்ணாம்பாக உதிர்ந்தது. அலுமினியம் காற்றைவிடச் சுமார் 9,000 மடங்கு நன்றாக வெப்பம் கடத்தும். ஆகவே மயிரிழை அளவு காற்று இடையில் புகுந்தாலும் அதுவே கம்பளிப் போர்வை. பழைய பேஸ்ட்டைத் துடைத்து, கடலைப் பருப்பளவு புதியது வைத்து, நான்கு கால்களும் 'கிளிக்' என்று பூட்டும்வரை அழுத்தினோம். மரக் கதவைக் கழற்றி ஓரமாகச் சாய்த்தாயிற்று. பிற்பகல் மயக்கம் அன்றோடு நின்றது.

ஆனால் கடைக்காரர் எழுதிய தாள்களில் இரண்டு குறிப்புகள் மட்டும் கணக்கில் சேராமல் இருந்தன. இரண்டும் காலை ஒன்பதரை மணி, கடை திறந்த நேரம். இரண்டிலும் "பிரிண்ட் கொடுத்தேன்" என்று இருந்தது. மேஜைக்கு அடியில் தவழ்ந்து பார்த்தால், லேசர் பிரிண்டரும் அதே யூபிஎஸ்ஸில் சொருகியிருக்கிறது.

லேசர் பிரிண்டர் மைத்தூளைச் சூடாக்கி உருக்கித்தான் காகிதத்தில் ஒட்டவைக்கிறது. தூங்கி எழும்போது அதன் சூடேற்றி பல நூறு வாட்டை ஒரே மூச்சில் இழுக்கும். கடையில் இருந்ததோ 600 விஏ யூபிஎஸ். எண் பெரிதாகத் தெரிந்தாலும் அது தாங்குவது 360 வாட்தான். அந்த இழுப்பில் வயரிங்கில் மின்னழுத்தம் சரிகிறது. கரண்ட் போய்விட்டது என்று யூபிஎஸ் நினைத்து பேட்டரிக்குத் தாவுகிறது. பேட்டரிக்கு வயது நான்கு, பாரமோ இரட்டிப்பு. 'கீச்' என்று கத்திவிட்டுப் படுத்துவிடுகிறது. கணினிக்கு மின்சாரத்தை மாற்றித் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டிக்குத் தன் மின்தேக்கியில் சேர்த்து வைத்ததைக்கொண்டு ஏறக்குறைய 16 மில்லிநொடி மட்டுமே மூச்சடக்கத் தெரியும். நம் மின்சாரத்தின் ஒரு சுற்று 20 மில்லிநொடி. அதைக்கூட அது தாண்டாது. பிரிண்டரை நேராகச் சுவர் பிளக்குக்கு மாற்றியதும் அந்த வியாதியும் தீர்ந்தது. இதே சந்தேகம் உங்களுக்கு இருந்தால், இரண்டு நாள் யூபிஎஸ் இல்லாமல் கணினியை நேரடியாக ஓட்டிப் பாருங்கள். அணையவில்லையென்றால் ஆள் அகப்பட்டுவிட்டார்.

ஆன் செய்து நான்கைந்து நொடியில் அணைந்தால், உள்ளே எதையும் கழற்றுமுன் பவர் பொத்தானைப் பாருங்கள். அழுக்கேறி உள்ளேயே சிக்கிக்கொண்டிருக்கக்கூடும். அதை நான்கு நொடி அழுத்திப் பிடித்தால் அணைய வேண்டும் என்பதுதான் விதி. பழைய மதர்போர்டு என்றால் உச்சி உப்பிய மின்தேக்கிகள் தென்படுகின்றனவா என்றும் பாருங்கள், அவையும் காரணமாகலாம். 2000களின் தொடக்கத்தில் மோசமான திரவம் நிரப்பிய மின்தேக்கிகள் உலகம் முழுக்கக் கணினிகளைச் சாகடித்தன.

லேப்டாப்பிலும் போனிலும் இதே நோய்க்குப் பழைய பேட்டரியும் ஒரு காரணம். லித்தியம் பேட்டரி வயதாக ஆக அதன் உள்மின்தடை ஏறுகிறது. பிராசஸர் திடீரென்று அதிகம் கேட்டால் மின்னழுத்தம் சரிந்து, 30 சதவீதம் மிச்சம் காட்டும்போதே அணைந்துவிடும். இப்படி அணைவதைத் தடுக்கத்தான் பழைய ஐபோன்களின் வேகத்தைக் குறைத்ததாக 2017 டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது. மன்னிப்புக் கேட்டு, 79 டாலர் பேட்டரி மாற்றுக் கட்டணத்தை 29 டாலராகக் குறைத்தது. பயனர்களிடம் சொல்லாமல் செய்ததற்காக 2020இல் பிரான்ஸ் 2.5 கோடி யூரோ அபராதம் விதித்தது. வைத்தியம் சரியானதுதான், நோயாளியிடம் சொல்லாததுதான் தப்பு என்பது என் கட்சி.

தூசி தட்டுவது, பேஸ்ட் மாற்றுவது, பிளக்கை மாற்றிச் சொருகுவது எல்லாம் கொஞ்சம் பொறுமை இருந்தால் வீட்டிலேயே செய்யலாம். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் பெரிய மின்தேக்கியில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும். அதன்மேல் சந்தேகம் வந்தால், வேறொரு பெட்டியை இரவல் வாங்கி மாட்டிப் பாருங்கள்.