தூரத்து லாரிகள் – 14: ஐஸுக்குக் கீழே ஓடும் அலை

கனடாவின் பெரும்பாலான மாகாணங்களில் டிரெய்லர் லாரி ஓட்ட கிளாஸ் 1 லைசென்ஸ் வேண்டும், ஏர் பிரேக் தேர்வு தனி என்பதைப் போன வாரம் பார்த்தோம். 16 பேரைப் பலிகொண்ட 2018 ஹம்போல்ட் விபத்துக்குப் பிறகு பயிற்சி விதிகளை இறுக்கியதையும் சொன்னேன். லைசென்ஸ் வாங்கிய கையோடு வடக்கே போனால் என்ன வேலை, என்ன சம்பளம் என்று இந்த வாரம் எழுதுவதாக இருந்தது. அதற்காகப் படிக்க உட்கார்ந்த இடத்தில் ஒரு விஷயம் என்னைப் பிடித்துக்கொண்டுவிட்டது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

வடமேற்கு ஆட்சிப்பகுதியின் தலைநகர் யெல்லோநைஃப். அங்கிருந்து கிழக்கே சுமார் 70 கி.மீ. போனால் டிபிட் ஏரி. வருஷம் முழுக்க ஓடக்கூடிய ரோடு அதோடு சரி. வடக்கே வைரச் சுரங்கங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு வேண்டிய டீசல், சிமென்ட், ராட்சத டயர், வெடிமருந்து எல்லாம் குளிர்காலத்தில் சுமார் இரண்டு மாதத்துக்குள் போய்ச் சேர்ந்தாக வேண்டும். அதற்கென்று 1982 முதல் ஒவ்வொரு வருஷமும் ஒரு ரோட்டைப் புதிதாகப் போடுகிறார்கள். அதில் பெரும்பகுதி உறைந்த ஏரிகளின் மேல்தான் போகிறது. 2007-ல் ஒரே சீசனில் 10,900 லோடுகளுக்கு மேல் போயிருக்கின்றன.

முழு லோடு ஏற்ற, ஐஸ் ஒரு மீட்டருக்கு மேல் கனத்திருக்க வேண்டும். ரேடார் கருவியை இழுத்துக்கொண்டு போய் அந்தக் கனத்தை அளக்கிறார்கள். அவ்வளவு கனம் இருந்தும், லோடு லாரிக்கு மணிக்கு 25 கி.மீ. தான் வேகம். சில இடங்களில் 10.

ஏன் என்று தேடியபோதுதான் அந்த அலை கிடைத்தது. ஐஸ் கல்லைப் போல விறைத்து நிற்பதில்லை, பாரத்துக்கு வளைந்து கொடுக்கிறது. கயிற்றுக் கட்டிலில் குழந்தை உருண்டால் குழியும் கூடவே உருளுமே, அப்படி லாரியோடு சேர்ந்து ஒரு பள்ளம் நகர்கிறது. அந்தப் பள்ளம் கீழே இருக்கும் தண்ணீரைத் தள்ளுகிறது. தண்ணீரில் அலை பிறக்கிறது.

அலைக்கு ஒரு சொந்த வேகம் உண்டு. ஆழமில்லாத தண்ணீரில் அதைத் தீர்மானிப்பது ஆழம்தான். 5 மீட்டர் ஆழத்தில் அலை மணிக்கு ஏறத்தாழ 25 கி.மீ. வேகத்தில் ஓடும், 2 மீட்டரில் 16 கி.மீ. லாரியும் அதே வேகத்தில் போனால் அலை விலகிப் போக முடியாமல் அடியிலேயே பெருத்துக்கொண்டு வரும், ஐஸ் அளவுக்கு மீறி வளையும். கரையை நெருங்க நெருங்க ஆழம் குறைகிறது, ஆபத்தான வேகமும் குறைகிறது. கரையில் மோதித் திரும்பும் அலை வேறு சேர்ந்துகொள்கிறது. ஆக, நடு ஏரியைப் பத்திரமாகத் தாண்டி வந்தவர், கரை தெரிகிறதே என்று ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் அங்கேதான் ஐஸ் உடையும். லாரிகளை இடைவெளி விட்டு அனுப்புவதற்கும், வேகத்தைக் கண்காணிக்க ரோந்து வண்டிகள் சுற்றுவதற்கும் காரணம் இப்போது விளங்குகிறது.

இந்த மாதிரி ரோடுகளுக்கு முன்னோடி ஜான் டெனிசன். முன்னாள் போலீஸ்காரர். கிரேட் பேர் ஏரிக்கரை வெள்ளிச் சுரங்கம் வரை உறைந்த ஏரிகளின் மேல் ரோடு போட்டவர். எடித் இக்லவர் என்ற பத்திரிகையாளர் அவரோடு கூடவே பயணம் செய்து எழுதிய புத்தகம் 1974-ல் வந்தது. டெனிசனைப் பற்றி நிறையச் சொல்ல ஆசையாக இருக்கிறது, இன்னொரு வாரம் அவருக்கென்றே ஒதுக்குகிறேன்.

லைசென்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். பயிற்சிப் பள்ளியில் ஸ்டியரிங், கியர், ரிவர்ஸ், பிரேக் சோதனை எல்லாம் கற்றுத் தருவார்கள். கண்ணுக்குத் தெரியாத அலைக்குப் பயந்து, காலி ஏரியில் மணிக்கணக்காக 25-லேயே வண்டியைப் பிடித்து வைத்திருக்கும் பொறுமை லைசென்ஸோடு வந்துவிடாது. பனி பெய்யும் சாதாரண நெடுஞ்சாலையில் குளிர்காலங்களைக் கழித்தால்தான் அது வரும். அனுபவம் உள்ள டிரைவர்களை ஐஸ் ரோட்டுக்குத் தேடுவதில் நியாயம் இருக்கிறது.

சங்ககிரியிலிருந்து ஒரு வாசகர், மகனை நேராக ஐஸ் ரோட்டுக்கு அனுப்பலாமா என்று கேட்டிருந்தார். ஐயா, வேண்டாம். முதலில் தெற்கே, தார் ரோட்டில், அனுபவசாலி ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க ஒரு குளிர்காலம் முழுக்க ஓட்டட்டும். லைசென்ஸ் வாங்கிய மறுநாளே ஐஸ் ரோட்டில் வேலை என்று எந்த ஏஜெண்டாவது சொன்னால் பணம் கட்டாதீர்கள். சம்பளக் கணக்கு அடுத்த வாரம்.